குடிக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பால்

எங்கள் வீட்டில் பால் அப்பாவுக்கு மட்டும்தான். அம்மாவுக்கும் எனக்கும் வரக்காப்பி. திண்டிவனத்தில் ரயிலடியை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். தெருப் பெண்களுக்கு எங்கள் வீட்டுப் பால் ஒரு வேடிக்கை. குடிக்கப் போகிற புருஷனை வாசலில் மறித்துச் சண்டை போடுகிறவர்கள் அங்கே உண்டு, சட்டைப் பையைத் துழாவுகிறவர்கள் உண்டு. பால் காய்ச்சிக் கொடுத்து அனுப்புகிறவள் என் அம்மா ஒருத்திதான். "இன்னாக்கா, மாப்பிள்ளைக்குப் பால் ஆச்சா?" என்று குழாயடியில் கேட்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும்.

அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டுகிற எண்ணெய் மில்லில் ஃபிட்டர். கை சுத்தமான வேலைக்காரர், வாயும் சுத்தம். குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை, வைததில்லை. சாயங்காலமானால் கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்றில், நான் ஒன்பதாவது படித்தபோது, அவருக்கு வயிற்றில் வலி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மில் வாசலில் சுருண்டு படுத்துவிட்டார் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். அம்மா அவரை பஸ்ஸில் ஏற்றி விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, குடல் புண் என்றார். குடியை விட்டால் ஆறும், விடாவிட்டால் என்னிடம் வராதே என்றும் சொன்னார். வெளியே மாத்திரை மடித்துக் கொடுத்த கம்பவுண்டர் இரக்கமுள்ள ஆள். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டரு அப்படித்தாம்மா சொல்லுவாரு. வெறும் வயித்துல ஊத்தறதுதான் பேஜாரு. போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பால் குடுத்து அனுப்பும்மா. உள்ள போயி பூசினாப்பல ஒட்டிக்கும். அப்புறம் சரக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். அம்மா இரண்டு பேரில் கம்பவுண்டரைத்தான் நம்பினாள். டாக்டர் சொன்னதைச் செய்ய அப்பாவின் மனசு வேண்டும். கம்பவுண்டர் சொன்னதைச் செய்ய அம்மாவே போதும்.

மறுநாளிலிருந்து பால். மில் விட்டதும் அப்பா நேராக வீட்டுக்கு வருவார். அதற்கு முன்பெல்லாம் அப்படி வந்தவர் இல்லை. மேலெல்லாம் பிண்ணாக்கு வாசனையோடு வந்து, கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு, அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்காருவார். அம்மா பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பாள். கொஞ்சம் ஆற்றிக் கொடுத்தால்தான் என்ன என்று எனக்கு எரிச்சல் வரும். அப்பா சூடு பொறுக்காதவர். டவராவில் ஊற்றி, டம்ளரில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்து முடிக்க நேரமாகும். அதற்குள் அறுந்த என் செருப்பு வாரைத் தைத்துவிடுவார். ஆடுகிற ஸ்விட்சை முடுக்குவார். "இன்னிக்கி இன்னாம்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்பார். ஒரு நாள், "தண்ணி கொதிச்சா பொங்க மாட்டேங்குது, பால் மட்டும் ஏன் பொங்குது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற சிஸ்டரைக் கேட்டேன். பாலில் இருக்கிற புரதம் மேலே ஆடையாகக் கட்டி ஆவியை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால் பொங்குகிறது என்றார். அதை அப்பாவிடம் வந்து சொன்னபோது, "அட" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

தவக்காலத்தில் மட்டும் பால் கிடையாது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறவர், ஈஸ்டர் வரைக்கும் கடைப் பக்கம் திரும்ப மாட்டார். குடிக்காதவனுக்கு எதற்குப் பால் என்று அம்மா நிறுத்திவிடுவாள். ஊரெல்லாம் ஆண்டவருடைய பாடுகளை நினைத்துத் துக்கம் காக்கிற அந்த நாட்கள்தான் எங்கள் வீட்டுக்குப் பண்டிகை. சாயங்காலம் முழுக்க அப்பா வீட்டில் இருப்பார். எங்களோடு செபமாலை சொல்லுவார், சிலுவைப் பாதைக்கு வருவார். நாற்பது நாள் விட முடிகிற ஆள் குடிகாரனே இல்லை என்று பங்குச் சாமியார்கூடச் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். வருஷா வருஷம் விட்டுவிட்டு வருஷா வருஷம் தொடங்குகிறாரே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பின்னால் ஒரு வருஷம் முதல் வாரத்திலேயே நோன்பு உடைந்தது. அடுத்த வருஷம் சாம்பல் புதனன்றே போய்விட்டார். அதற்கப்புறம் தவக்காலத்திலும் பால் காய்ந்தது.

நான் பால் பண்ணைத் தொழில் படித்தேன். படித்து முடித்து, விழுப்புரத்துக்குப் பக்கத்தில், கோலியனூர் போகிற சாலையில் இருந்த ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். கேன் கேனாக வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, புளித்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. நான் கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிறவள். அந்த வேலைக்கு வந்த பிறகு வெடுக்கும் கூடிவிட்டது, திமிரும் கூடிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டுகிற லாக்டோமீட்டரை ஒரு நாள் வீட்டுக்கே கொண்டுவந்து, அம்மா வாங்குகிற பாலில் விட்டுப் பார்த்தேன். சொதக்கென்று உள்ளே போனது. "இது பாலா? பால் கழுவின தண்ணி" என்று சொல்லி, பால் ஊற்றுகிற பெண்ணோடு சண்டை போட்டேன். அம்மா அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, மறுநாளும் அவளிடமேதான் வாங்கினாள்.

அப்பாவின் வயிற்று வலி நிற்கவில்லை. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. மில்லில் மெஷினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நிற்பாராம். ஆனால் பாலை மட்டும் விடமாட்டார். மருந்து சாப்பிடுகிற நோயாளியைப் போல நேரம் தவறாமல் வந்து குடிப்பார். ஒரு தடவை சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "உன் பாலைக் குடிச்சிட்டுப் போனா ஜல்தியா ஏறவே மாட்டேங்குது. கூட ஒண்ணு போட வேண்டியதா கீது." அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதுக்கடைகளை அரசாங்கமே எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு ஒரு வருஷம் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மாதம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பாலின் புரதங்களைப் பற்றி எடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வைத்த வகுப்பு, பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். பாலைத் திரித்தால் கட்டி தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரியும், அந்தத் தண்ணீரில் இருக்கும் புரதத்தை ரசாயன முறையில் கொஞ்சம் மாற்றினால் அதற்குப் புதுக் குணங்கள் வருகின்றன என்றார். எலிக்கு முதலில் அந்தப் புரதத்தைக் கொடுத்து, பிறகு சாராயத்தைக் கொடுத்தால், வயிற்றின் உள்சுவரில் புண் குறைவாக விழுகிறதாம். ஏன் என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை, அந்தச் சுவர் தன்னைக் காத்துக்கொள்ள வழவழப்பான நீரைக் கூடுதலாகச் சுரக்கிறது போலிருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். கம்பவுண்டர் சொன்ன அதே கதை. பூசினாற்போல ஒட்டிக்கொள்ளும் என்றாரே, அது முழுப் பொய்யில்லை, கொஞ்சம் மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் நான்தான் ஆராய்ச்சிக்காரி. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, துணியில் வடிகட்டி, இளம்பச்சை நிறத்தில் வந்த தண்ணீரை அப்பாவுக்குக் கொடுத்தேன். ஒரு நாள் அதைச் சுடவைத்தேன், ஒரு நாள் புளித்த மோரைச் சேர்த்தேன். புரதத்தை மாற்றுகிறேன் என்று எனக்கு நினைப்பு. அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். "இன்னாம்மா இது, துணி அலசின தண்ணி மாரி கீது" என்றார். ஆனாலும் மகள் கொடுக்கிறாள் என்று குடித்தார். குடித்த கையோடு எழுந்து போனார். அந்த வாரம் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

அடுத்த வகுப்பு முடிந்ததும் பேராசிரியரின் பின்னாலேயே போனேன். அவர் ஜீப்பில் ஏறப் போனார். வீட்டில் பாலைத் திரித்துக் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"கிடைக்காதும்மா. அது லேப்ல பண்றது, வேற விஷயம். அதுவும் எலிக்குப் பார்த்தது. மனுஷனுக்கு எப்படின்னு யாருக்கும் தெரியாது."

"சாதாரணப் பால் குடிச்சிட்டு குடிச்சா, சார்?"

"வயித்துல பால் இருந்தா சாராயம் மெதுவா இறங்கும். அவ்வளவுதான். குடிக்கிறவன் என்ன பண்ணுவான், ஏறலையேன்னு இன்னொண்ணு வாங்குவான். காப்பாத்தறதா நினைச்சு கெடுக்கறதுதான்." ஜீப் கதவில் கை வைத்தபடி, "யாருக்கும்மா கேக்கறீங்க?" என்றார்.

"சும்மாதான் சார்" என்றேன்.

ரயிலில் வரும்போது எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு மனிதனுக்குப் பாலை ஊற்றி ஊற்றிக் கூட ஒரு குவார்ட்டர் குடிக்க வைத்திருக்கிறாள். அப்பாவே வாய்விட்டுச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. பால் பண்ணையில் வேலை பார்க்கிற எனக்கும் அது உறைக்கவில்லை. மயிலம் தாண்டுவதற்குள் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் கோர்வையாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா பழையபடி பாலே கொடுத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தொடங்கினேன். வகுப்பு எடுக்கிறவளைப் போல, பால் வயிற்றில் என்ன செய்கிறது, சாராயம் எப்படி இறங்குகிறது, ஏன் இன்னொன்று கேட்கிறது என்று வரிசையாகச் சொன்னேன்.

"சரி சரி, போயி கை கழுவிக்கினு வா" என்றாள் அம்மா.

"இரும்மா, முக்கியமான விஷயம் சொல்லிக்கினு இருக்கேன்."

அப்பா டவராவைக் கையில் பிடித்தபடி கவனமாகக் கேட்டார். நான் படித்ததில் அவருக்கு எப்போதும் பெருமைதான். "அப்ப இது வயித்துக்கு நல்லது இல்லியாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லப்பா. ஒண்ணுத்துக்கும் ஆகாது. உனக்கு இன்னும் கெடுதல்தான்."

"பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஏறலன்னு" என்று அம்மாவிடம் திரும்பி, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவரைப் போலச் சிரித்தார். மீதிப் பாலை வீணாக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வரவில்லை. மில்லிலிருந்து கூட்டாளிகளோடு நேராகப் போய்விட்டார். காய்ச்சிய பாலை அம்மா உறை ஊற்றினாள். அடுத்த நாளும் காய்ச்சினாள், அதையும் உறை ஊற்றினாள். சில நாள் கழித்துப் பால்காரப் பெண்ணை நிறுத்தச் சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளூரத் திருப்திதான். வெறும் வயிற்றில் சீக்கிரம் ஏறிவிடும், ஏறிவிட்டால் குறைவாகக் குடிப்பார் என்று கணக்குப் போட்டேன். கணக்கு என்னவோ சரிதான். அப்பா அதன்படி நடக்கவில்லை. அதே அளவு குடித்தார், வெறும் வயிற்றில் குடித்தார்.

அதற்கப்புறம் அப்பாவோடு பேசியது என்று எனக்கு நினைவில் அதிகமில்லை. காலையில் நான் ரயிலைப் பிடிக்க ஓடுவேன். சாயங்காலம் அவர் வருகிறபோது அவரோடு பேச ஒன்றும் இருக்காது, பேசினாலும் அது அவர் இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். இப்படித்தான் என் கல்யாணம் வரை ஓடியது. கல்யாணமாகி நான் விழுப்புரத்துக்கே வந்துவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் மில்லிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் விட்டுப் பார்த்த இளவயசு டாக்டர், உள்சுவர் முழுக்கப் புண், ஈரலும் போய்விட்டது என்றார். "வெறும் வயித்துலயே குடிப்பாராம்மா?" என்று ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "கொஞ்ச வருசமா அப்படித்தான் சார்" என்றாள். அப்பா அந்த வாரம் தாண்டவில்லை. கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவே இல்லை. குடிக்காத அப்பாவை அத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது பல வருஷங்களுக்குப் பிறகு அப்போதுதான்.

அம்மாவை என்னோடு அழைத்துக்கொண்டேன். அவள் அழுததெல்லாம் அடக்கத்தன்று அழுததுதான். பாலைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. நான் சொன்னதில் தப்பு இல்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அறிவியல் அதுதான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

அது பிடிபட்டது எதிர்வீட்டுப் பெண்ணால். சின்ன வயசு, இரண்டு குழந்தைகள். புருஷன் பெயின்டர், வேலை முடிந்ததும் கடைக்குப் போகிறவன். நான் பால் ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நாங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்தாள். "அக்கா, குடிக்கப் போறதுக்கு முன்னாடி பால் குடுத்தா வயிறு கெடாதுன்னு சொல்றாங்களே, நெஜமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "குடும்மா. தெனமும் குடு. வூட்டுக்கு வந்து குடிச்சிட்டுப் போவச் சொல்லு" என்றாள்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனதும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, உனக்கு எத்தினி சொல்லியும் புரியாதா? பால் ஒண்ணும் பண்ணாதும்மா."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"உங்கப்பா ஏறலன்னு சொன்னாரே, அன்னிக்கே தெரியும். அவருக்கு வலியும் நிக்கல. நான் இன்னா குருடா?"

"அப்புறம் எதுக்கு வருசக்கணக்கா காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தே?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மில்லுலேருந்து நேரா கடைக்குப் போற ஆளு. பாலுக்கோசரம் வூட்டுக்கு வந்தாரு. வந்து குந்துவாரு. உன்னை இன்னா படிச்சேன்னு கேப்பாரு. என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவாரு. அந்தச் சித்த நேரந்தாண்டி எனக்குப் புருசன், உனக்கு அப்பன். மிச்ச நேரம் மில்லுக்கும் கடைக்கும்தான்."

என் கையில் இருந்த காம்பை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவரு எதிர்ல எப்படிச் சொல்றது? வயித்துக்குன்னு நெனச்சிக்கினுதான் வந்தாரு. எங்களுக்கோசரம் வான்னு கூப்பிட்டிருந்தா, வெக்கப்பட்டுக்கினு அன்னிக்கே நின்னுட்டிருப்பாரு. பாலு ஆகாதுன்னு நீ சொன்னதுக்கப்புறம் இன்னாத்த சொல்லி அவரைக் கூப்பிடுவேன், சொல்லு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்மேல ஒண்ணும் தப்பு இல்ல. நீ படிச்சதைச் சொன்னே" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும்.

புண்ணிலிருந்து அவரைக் காப்பாற்ற எங்களால் முடிந்திருக்காது. அது தெரிந்து நான் சமாதானமாகி வெகு காலம் ஆகிறது. அந்தச் சித்த நேரத்தைக் காப்பாற்றியிருக்க முடியும். அந்தக் கடைசி வருஷங்களில், தாய்வீட்டுக்கு வருகிற நாளில், நான் அம்மாவாகப் போகிறேன் என்று நானே அவருக்குச் சொல்லியிருப்பேன். என் வேலையைப் பற்றி அவர் ஏதாவது கேட்டிருப்பார். அம்மா அவர் எதிரில் நின்று இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். எத்தனை சாயங்காலங்களை நான் பறித்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பெண் கேட் அருகில் நின்றாள். "அக்கா, அம்மா சொன்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலியே. நெஜமாவே வயித்துக்கு நல்லதுதானே?" என்று கேட்டாள்.

"நல்லது" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை. அன்றைக்கு அப்பாவும் டவராவைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்து இதையேதான் கேட்டார்.